பதாகையில் ஏறிய பாடு

மன்னாரில் ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை நாட்டின் பெரிய பிரச்சினைகள் எல்லாவற்றுக்கும் விடை சொல்லப்படும். காலை ஒன்பதரைக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். பத்தேகாலுக்கு முன் ஒருநாளும் தொடங்கியதில்லை. இது ஊகமல்ல. அந்தக் கூட்டங்களுக்குக் குறிப்பெடுத்தவள் நான். அறிவித்த நேரம், தொடங்கிய நேரம், பேச்சு எடுத்த நிமிடங்கள், கேள்விகளுக்கு விட்ட நிமிடங்கள் என்று என் நாட்குறிப்பில் நான்கு நிரல்கள் உண்டு. நான்காவது நிரல் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும்.

நான் நகரத்தில் ஒரு சங்கத்தின் கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கிறேன். கந்தோரோடு ஒட்டி ஒரு மண்டபம் உண்டு. கொழும்பிலிருந்து இயங்கும் ஓர் அமைப்பு, "சிந்தனையைத் தூண்டும் உரைகள்" என்று ஒரு தொடரை இங்கே நடத்த விரும்பியபோது சங்கம் மண்டபத்தைக் கொடுத்தது. எனக்குச் சுருக்கெழுத்து தெரியும் என்பதால் மண்டபத்தோடு சேர்த்து என்னையும் கொடுத்தது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையும் ஆடும் கதிரை ஒன்றும் எனக்கு ஒதுக்கப்பட்டன. கதிரையின் குட்டைக் காலுக்குக் கீழே பழைய அழைப்பிதழ்களை மடித்து வைத்தேன். அந்த அமைப்பு அச்சிட்டவற்றில் எனக்குப் பயன்பட்டவை அவைதான்.

தூண்டப்பட்ட சிந்தனைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜனநாயகத்தில் மக்களின் குரல் என்று ஒருவர் ஒன்றே முக்கால் மணித்தியாலம் பேசினார். முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் எழுந்து, நேரம் போதாமையால் கேள்விகளுக்கு இடமில்லை என்றார். சமத்துவமின்மை பற்றிப் பேச வந்தவர் தமக்குத் தனிக் கழிப்பறையும் அதற்குப் பூட்டும் திறப்பும் வேண்டும் என்று முதல்நாளே சொல்லி அனுப்பியிருந்தார். திறப்பு என்னிடம்தான் இருந்தது. படகுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் சனங்கள் கலனோடு வரிசையில் கிடந்த வருடத்தில் ஒரு பொருளியல் அறிஞர் வந்தார். வாங்குவோரின் கேள்வி கூடினால் விலை ஏறும், விற்போரின் நிரம்பல் கூடினால் விலை இறங்கும் என்று உயர்தர வகுப்புப் பாடத்தை வெண்பலகையில் கீறிக் காட்டினார். பின்வரிசையிலிருந்த பேசாலை மீனவர் ஒருவர் கை உயர்த்தினார். அவருடைய கேள்வி எடுக்கப்படவில்லை. கேள்வியும் இல்லை, நிரம்பலும் இல்லை என்று அன்று நாட்குறிப்பில் எழுதினேன். எழுதிவிட்டு எனக்கு நானே சிரித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்புத்தான் பிறகு எனக்கு வினையானது.

முன்வரிசையில் அழைக்கப்பட்ட பெரியவர்கள். அவர்களுக்குப் பின்னால் சான்றிதழ் கிடைக்கும் என்பதால் வந்த ஆசிரியர்கள். கடைசி வரிசைகளில் கடற்றொழிலாளர் சங்கங்கள் தலா ஐந்து பேராக அனுப்பிவைத்த ஆட்கள். பேசாலையிலிருந்து வருகிறவர்கள் வலைவேலையை விட்டுவிட்டு வந்த எரிச்சலோடு, கதவோரமாக உட்கார்ந்து மெதுவாக நையாண்டி செய்துகொண்டிருப்பார்கள். மேடையில் பேசப்பட்டதைவிட அது பல நாட்களில் கேட்கத் தக்கதாக இருந்தது. இடைவேளைக்கு ரோல்ஸும் பிளேன்ரீயும் கொடுப்பார்கள். தேநீர் வந்தபின் உலகப் பொருளாதாரத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் கடைசி வரிசைக்கு ஒரு முஸ்லிம் பெரியவர் வரத் தொடங்கினார்; நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மறிச்சுக்கட்டிக்கு இப்பாலுள்ள கரையோர ஊர்க்காரர். விடிய முதல் பஸ்ஸில் ஏறினால்தான் நேரத்துக்கு வந்து சேரலாம். மண்டபத்தில் எனக்கு அடுத்து நேரத்தோடு வரும் ஒரே ஆள் அவர்தான். அதனால் அவர்மேல் எனக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. இடம்பெயர்ந்து இருபது வருடங்களுக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி, வாப்பாவின் கரைவலைப் பாட்டைத் தம் பெயரில் மீண்டும் பதிந்து தொழில் செய்கிறார் என்று அவரே சொன்னார்.

கரைவலையைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வில்லாக விட்டு, இரண்டு பக்கத்துக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு அணியாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்கி வரும். இடையில் கல்லோ கட்டையோ இருக்கக் கூடாது. அப்படி இழுப்பதற்கென்று ஒருவருக்கு உரித்தான கரைத் துண்டையும் அதன் முன்னாலுள்ள கடலையும் சேர்த்துத்தான் பாடு என்பார்கள். பாடு இல்லாதவனிடம் வலை இருந்தும் பயனில்லை.

அதே சொல்லுக்கு எங்கள் கோவிலில் வேறு பொருள். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளை வாசிப்போம். பேசாலையில் அதை நாடகமாகவே போடுவார்கள். குசினியில் நின்று "என்ர பாடு" என்று சொன்னால் அது அன்றாட அல்லல். மன்னாரில் யாருக்கும் இதில் குழப்பம் வருவதில்லை. யார் எங்கே நின்று சொல்கிறார் என்பதிலேயே பொருள் தெரிந்துவிடும்.

நானா மூன்று மாதம் தொடர்ந்து வந்தார். மூன்று மாதமும் கை உயர்த்தினார். அவருடைய பாட்டின் நடுவே உல்லாச விடுதி ஒன்றுக்குப் படகுத்துறை கட்டும் திட்டம் இருந்தது. கடலுக்குள் நீளும் பாலம் போன்ற அந்தத் துறை வந்தால் வலை இழுக்க முடியாது. அவரோடு சேர்ந்து இழுக்கும் இருபது பேருக்கும் தொழில் இல்லை. கந்தோர்களில் இருப்பவர்கள் இந்தக் கூட்டங்களுக்கு வருவார்கள், பெரியவர்கள் முன்னால் ஒருதரம் சொல்லிவிட்டால் காதில் விழும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

நான்காவது மாதம் தலைப்பு "அபிவிருத்தியும் கரையோர மக்களும்". பேச வந்தவர் ஒரு பேராசிரியர். தமிழர்தான். ஆனால் பாதி வாழ்க்கையை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கழித்தவர். தூய தமிழில் பேசினார். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் அது நன்றாக வந்ததா என்று பார்ப்பவரைப் போல ஒரு கணம் நிற்பார். கரையோர மக்கள் அபிவிருத்திக்கு அஞ்சுவது ஏன், அந்த அச்சத்தை எப்படி நம்பிக்கையாக மாற்றலாம் என்பது அவருடைய பொருள். உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டது எங்கள் மாவட்டத்துத் திட்டங்களைத்தான். அவற்றில் அந்த விடுதியும் ஒன்று. அந்தக் கரையை அவர் படத்தில் பார்த்திருந்தார்.

அன்றைக்கு அதிசயமாகக் கேள்விக்கு ஏழு நிமிடம் விட்டார்கள். நானா எழுந்தார். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சேர், நான் கரைவலைத் தொழில். நீங்கள் சொன்ன அந்தத் திட்டம் வந்தா எங்கட பாடு போயிரும். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கு."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "அற்புதம்," என்றார். "ஒன்றரை மணித்தியாலமாக நான் சொல்ல முயன்றதை இந்த ஐயா ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். எங்கள் பாடு போய்விடும். இந்த நம்பிக்கைதான் எமக்கு வேண்டும்." சொல்லிவிட்டுக் கைதட்டினார். முன்வரிசை கைதட்டியது. ஆசிரியர்களும் கைதட்டினார்கள். கதவோரத்துப் பேசாலை ஆட்கள் மாத்திரம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மேசையில் பென்சிலோடு இருந்தேன். மேடை நான்கு அடி தூரம். எழுந்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நான் எழவில்லை. பயத்தால் அல்ல, கூச்சத்தாலும் அல்ல. அந்த மனிதரின் அறியாமை எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. தேநீர் நேரத்தில் நானா என்னிடம் வந்து, "சேர் விளங்கிக்கொண்டார் மிஸ், கையும் தட்டினவர்," என்றார். நான் சிரித்து ரோல்ஸ் தட்டை நீட்டினேன்.

அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "ஒரு மனிதனின் பாடு பறிபோவதற்குப் பேராசிரியர் கைதட்டினார். இவ்வருடத்தின் மிகச் சிறந்த கூட்டம்." அடிமட்டத்தை வைத்து அதற்குக் கீழே கோடும் போட்டிருக்கிறேன்.

கூட்டக் குறிப்பை வழக்கம்போல் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்தேன். "நீங்கள் சொன்ன அந்தத் திட்டம் வந்தா எங்கட பாடு போயிரும்." ஓர் எழுத்தும் கூடவில்லை, குறையவில்லை. பாடு என்றால் என்னவென்று அடைப்புக்குறிக்குள் போடலாமா என்று ஒரு கணம் யோசித்ததும் உண்டு. பேசியவர் சொல்லாததை எழுதுவது என் வேலையல்ல என்று விட்டுவிட்டேன். என் துல்லியத்தில் எனக்கிருந்த பெருமையை இன்று நினைத்தால் அந்தப் பேராசிரியர்மேல் வருகிற அதே வெறுப்புத்தான் வருகிறது.

அடுத்த மாதம் மண்டபத்தைத் திறக்கப் போனபோது மேடையின் முழு அகலத்துக்கும் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். நீலக் கடல், உதயசூரியன், ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்திருக்கும் நானா. கீழே பெரிய எழுத்தில்: "திட்டம் வந்தால் எங்கள் பாடு போய்விடும்! – ஒரு மீனவரின் நம்பிக்கை." பேச்சுத் தமிழைத் திருத்தி ஆச்சரியக்குறியும் போட்டிருந்தார்கள்.

பேசாலை ஆட்கள் வந்து உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து வாசித்தார்கள்.

"முதல்தரமா உண்மையை எழுதியிருக்கிறாங்கள்," என்றார் ஒருவர்.

"பேசாம இரும் மச்சான். வாசிச்சு விளங்கினா கழட்டிப்போடுவாங்கள்."

நானா வாசலில் நின்று பதாகையைப் பார்த்தார். தம் முகத்தை அவ்வளவு பெரிதாக அவர் பார்த்திருக்கமாட்டார். அதற்குள் கதவோரத்திலிருந்து ஒருவர், "என்ன நானா, பாட்டை வித்துப்போட்டீங்களோ? எங்களுக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றார். பகிடிதான். ஆனால் கேட்டவரைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை. நானா உட்காராமலே திரும்பிப் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை அவர் கந்தோருக்கு வந்தார். கையில் பிரதி எடுத்த ஒரு தாள். படகுத்துறைக்கு ஆட்சேபனை கொடுக்கப் போன இடத்தில், கோப்பைத் திறந்து இதைக் காட்டியிருக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் என் குறிப்பிலிருந்து சுருக்கம் தயாரித்து, சம்பந்தப்பட்ட கந்தோர்களுக்கெல்லாம் மரியாதைக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். அதில் ஐந்தாவது வரி: பிரதேச மீனவர்கள் திட்டத்தை வரவேற்கின்றனர். ஆட்சேபனைக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. நீங்களே விருப்பம் சொல்லிப்போட்டு இப்ப ஏன் மாறிச் சொல்றீங்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். வலை இழுக்கும் ஆட்களில் பாதிப்பேர் அவர் காசு வாங்கிவிட்டார் என்று நம்பி வேலைக்கு வரவில்லை.

"மிஸ், நீங்கள்தானே எழுதினீங்கள்?"

"ஓம்."

"நான் என்ன சொன்னனான்?"

குறிப்புப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன்.

"அதைத்தான் சொன்னனான். ஒரு சொல்லும் பிழையில்லை." தாளை மேசையில் வைத்து விரலால் நீவினார். "அப்ப பிழை எங்க மிஸ் வந்தது?"

பாடு என்ற சொல்லை அந்தச் சேர் வேறு மாதிரி எடுத்துவிட்டார் என்றேன். கஷ்டம் போய்விடும் என்று நீங்கள் சொன்னதாக நினைத்துவிட்டார். நானா தாளிலிருந்து விரலை எடுத்தார்.

"அது உங்களுக்கு எப்ப தெரியும்?"

நாட்குறிப்பு இழுப்பறையில் இருந்தது. கோடு போட்ட வரியும் இருந்தது.

"அண்டைக்கே தெரியும்," என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பதினொரு நாள் இருக்கு மிஸ்," என்று மாத்திரம் சொன்னார்.

அன்றே ஒருங்கிணைப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். முப்பது வயதுப் பிள்ளை, பணிவானவர், கொழும்பிலேயே வளர்ந்தவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "மிஸ், நீங்க கத்தோலிக்கம்தானே? அந்தப் பாடுகள் என்ற கருத்தில சொல்றீங்களா?" என்றார். இல்லை, கரை என்ற கருத்தில் என்றேன். சொற்பொருள் பற்றிய சுவையான விசயம், ஒரு தனி உரையே வைக்கலாம் என்றார். சுருக்கத்தைத் திருத்துவதானால் பேச்சாளரின் சம்மதம் வேண்டுமாம். பேச்சாளர் ஒரு மாநாட்டுக்குப் போயிருக்கிறாராம். மாநாட்டின் பொருள் மொழியும் மக்களும்.

நல்லகாலமாக அந்த மாதம் உரை ஒரு கிழமை முன்னதாக வைக்கப்பட்டிருந்தது. ஆட்சேபனை முடிய இரண்டு நாள் இருந்தது. தலைப்பு "செவிமடுக்கும் அரசு". திட்டங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவரும் முன்வரிசைக்கு வந்திருந்தார். நானா கடைசி வரிசையில் இருந்தார். பதாகை இன்னும் தொங்கியது. பேச்சு முடிந்து, நேரம் போதாமையால் என்று ஒருங்கிணைப்பாளர் ஆரம்பித்தபோது நான் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தேன். அத்தனை மாதத்தில் அந்த மேசையிலிருந்து யாரும் குரல் கேட்டதில்லை. ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

கூட்டக் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்தாமல் அடுத்ததை எழுத முடியாது என்றேன். பதாகையைக் காட்டினேன். "இதில இருக்கிற பாடு துன்பம் இல்லை. வலை இழுக்கிற கரை. அந்தக் கரை போகப்போகுது எண்டுதான் இவர் சொன்னவர். அதுக்குத்தான் எல்லாரும் கைதட்டினீங்கள்."

"எந்தப் பாட்டு?" என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர். காது கொஞ்சம் மந்தம்.

கதவோரத்தில் சிரிப்பு வெடித்தது. பேசாலை ஆள் ஒருவர் எழுந்து, "ஐயா, பாடுற பாட்டில்லை, சாப்பாட்டுக்கு இருக்கிற பாடு," என்றார். அதோடு மண்டபம் முழுவதும் சிரித்தது. சிரிக்காதவர் இருவர்: நானாவும் அந்த அதிகாரியும். அதிகாரி திரும்பிப் பதாகையை மறுபடி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, இதை எழுத்தில் தரமுடியுமா என்று கேட்டார்.

மூன்று பிரதி தட்டச்சில் அடித்து, சுருக்கெழுத்துப் பக்கத்தின் நகலை இணைத்து, திங்கட்கிழமை காலை நானாவின் ஆட்சேபனையோடு சேர்த்துக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினேன். நாட்குறிப்பில் அதற்குக் கோடு போடவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். குறிப்பு எழுதியவர் என்று என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். நானா வேண்டுமென்றே அந்த நேரத்துக்கு வலை விட்டிருந்தார். ஆட்கள் எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பளபளக்கும் சப்பாத்தோடு அதிகாரி மணலில் இறங்கி, படகுத்துறைக்கு அடித்திருந்த சிவப்பு முளைக்குப் பக்கத்தில் நின்று, பாடு எங்கிருந்து எங்கே என்று கேட்டார்.

"கொஞ்சம் விலத்துங்கோ சேர்," என்றார் நானா. "நீங்கள் நிக்கிறதே பாட்டிலதான்."

அதிகாரி இடப்பக்கம் விலகினார். அங்கே ஓர் அணி கயிற்றோடு பின்னால் நடந்து வந்தது. வலப்பக்கம் போனார். மற்ற அணி வந்தது. இரண்டு அணியும் நெருங்க நெருங்க அவருக்கு ஒதுங்க இடமில்லாமல் போய், கடைசியில் முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். சிவப்பு முளையில் கயிறு சிக்கி, ஆட்கள் இழுப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒருவர் வந்து சிக்கெடுத்துவிட்டு, அதிகாரியைப் பார்த்தார். 

கரைக்கு வந்ததும் அதிகாரி புத்தகத்தை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். "திட்டத்தினால் பாடு பாதிக்கப்படும்" என்று இருந்தது. அடைப்புக்குறிக்குள் கரைவலை இழுக்கும் இடம் என்று போடுங்கோ என்றேன். அவர் போட்டார். வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். துறையை வேறிடத்துக்கு நகர்த்துவது பற்றிப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். இதுவரை பதில் வரவில்லை. முளை அங்கேயே நிற்கிறது. வலையும் இழுக்கப்படுகிறது.

அதிகாரி வாகனத்துக்குப் போய், சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினார். நானா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், நீங்கள் அண்டைக்கே எழும்பியிருந்தா இவற்ற சப்பாத்து நனைஞ்சிருக்காது," என்றார்.

அந்த வசனத்தை அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு அடைப்புக்குறி தேவைப்படவில்லை.